ஆட்டோ சங்கர்: ஆசிரியன் இல்லாத தன்வரலாறு

தமிழில் ஒரு தன்வரலாறு இருக்கிறது. அதற்கு ஆசிரியன் இல்லை என்று வைத்துக்கொண்டு இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பு எழுதியிருக்கிறது. 1991இல் சிறையில் இருந்தபோது ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட, சுமார் 300 பக்கக் கையெழுத்துப் பிரதி அது. மனைவி கைக்குப் போய், வழக்கறிஞர் கைக்குப் போய், கடைசியில் நக்கீரனுக்கு வந்தது. ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ். அதிகாரிகள் பலரோடு தனக்கிருந்த நெருக்கத்தை, அவர்களில் சிலர் தன் குற்றங்களில் பங்காளிகளாக இருந்ததைச் சங்கர் அதில் எழுதியிருப்பதாகப் பேச்சு. தொடராக வரப்போகிறது என்று பத்திரிகை அறிவித்தது. 1993 ஜூனில் சிறைத்துறைத் தலைவரிடமிருந்து கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதையும் எழுதவில்லை, வெளியிடக் கூடாது என்றது கடிதம். நக்கீரன் கோபால் நீதிமன்றம் போனார்.

1994 அக்டோபர் 7ஆம் தேதி வந்த தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஜீவன் ரெட்டி. சட்டம் படிக்கிறவர்கள் அதை அந்தரங்க உரிமைக்கான தீர்ப்பாகப் படிக்கிறார்கள். 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று சொன்னபோதும் இந்தத் தீர்ப்பு பேசப்பட்டது. அச்சுக்கு முன்பே தடை போடும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ கிடையாது என்றது அது. பொது ஆவணங்களில் உள்ள அளவுக்குச் சங்கரின் கதையை அவன் சம்மதம் இல்லாமலேயே வெளியிடலாம், அதைத் தாண்டினால் அவன் அந்தரங்கத்தில் கை வைப்பதாக ஆகலாம் என்றும் சொன்னது. எனக்குச் சுவாரசியமாகப் பட்டது இன்னொரு வரி. சங்கரோ அவன் மனைவியோ இந்த வழக்கில் சேர்க்கப்படவில்லை, ஆகவே அவன் இதை எழுதவும் இல்லை, வெளியிட அனுமதி கொடுக்கவும் இல்லை என்ற அனுமானத்தில்தான் மேலே போக முடியும் என்கிறது நீதிமன்றம்.

கோட்பாடு படித்த நண்பர்கள் ரோலான் பார்த், ஆசிரியனின் மரணம் என்று ஆரம்பித்தால் நான் இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்து நீட்டுவேன். ஆசிரியன் சிறையில் உயிரோடு உட்கார்ந்திருக்கும்போதே அவனைப் பிரதியிலிருந்து வெட்டி எடுத்துவிட்டார்கள். ஆறரை மாதம் கழித்து, 1995 ஏப்ரல் 27ஆம் தேதி, சேலம் மத்திய சிறையில் ஆளையும் தூக்கில் போட்டார்கள்.

ஆளைத் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். கௌரி சங்கர் என்பதுதான் பெயர். பிறந்தது வேலூர் பக்கம் காங்கேயநல்லூர் என்பார்கள். நம்மூர்க் கோயில்களில் வந்து சொற்பொழிவு செய்த வாரியார் சுவாமிகளின் ஊரும் அதுதான். (ஒரே ஊர் மண்ணைப் பற்றி ஏதாவது தத்துவம் சொல்ல ஆசையாக இருக்கிறது, வேண்டாம்.) சென்னைக்கு வந்து சுவருக்கு வண்ணம் அடித்தான், சைக்கிள் ரிக்‌ஷா மிதித்தான், ஆட்டோ ஓட்டினான். ஆட்டோவில் சாராயம் கடத்தினான். பிறகு திருவான்மியூர் பெரியார் நகரில் விபச்சார விடுதி. 1987, 88இல் ஆறு கொலைகள். உடல்களை வீட்டுக்குள் புதைத்து மேலே சிமெண்ட் பூசினார்கள், ஓர் உடலை எரித்தார்கள். 1988இல் தமிழ்நாட்டில் ஆளுநர் ஆட்சி நடந்துகொண்டிருந்தபோது பிடிபட்டான். 1990இல் சென்னை மத்திய சிறையிலிருந்து தப்பி, ஒரிசாவின் ரூர்கேலாவில் மறுபடி பிடிபட்டான். 1991 மே மாதம் செங்கல்பட்டு நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது.

அந்தத் தொடரை நான் முதலில் பார்த்தது பீடோங் பக்கத்தில் ஒரு தோட்டத்தில், என் மாமா வீட்டில். யாரோ தமிழ்நாட்டுக்குப் போய் வந்தபோது வாங்கிவந்த இதழ்களைப் பக்கம் பக்கமாகக் கிழித்து, கோணி ஊசியால் தைத்து வைத்திருந்தார். மாமா அதைப் படித்த விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒவ்வொரு பக்கத்திலும் அவர் தேடியது ஒரே ஒரு விஷயம். ‘அந்த மந்திரி யாருன்னு சொல்றானா?’ கொலை அவருக்குப் பெரிசாகப் படவில்லை. கொலைக்குப் பின்னால் நின்ற பெரிய மனிதன் யார் என்பதுதான் கதை.

மாமாவைக் குறை சொல்ல முடியாது. பிரதி அப்படிப் படிக்கும்படியாகத்தான் வாசகன் கைக்கு வந்தது. சாகப்போகிறவன் கொடுக்கும் வாக்குமூலம் என்ற சட்டகத்துக்குள் ஒருவன் ‘நான்’ என்று ஆரம்பித்தால், நாம் அந்த ‘நானை’க் கவனிப்பதில்லை. அது யாரைக் கைகாட்டப் போகிறது என்றே காத்திருக்கிறோம். தன்வரலாறு தன் பக்கம் திரும்புகிற எழுத்து, வாக்குமூலம் வெளியே விரல் நீட்டுகிற எழுத்து. சங்கர் பிரதிக்கு நேர்ந்தது, முதலாவதாக இருந்திருக்கக்கூடிய ஒன்றை எல்லாரும் சேர்ந்து இரண்டாவதாக மாற்றியதுதான். பத்திரிகை பத்திரிகையின் வேலையைச் செய்தது, அதிகாரத்தை எதிர்த்து நின்றது, அதில் எனக்கு மரியாதை உண்டு. அரசும் அதே பெயர்களுக்குப் பயந்துதான் தடை கேட்டது. மாமாவும் அரசும் ஒரே பக்கங்களைத்தான் தேடியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம் இணையம். ஆங்கிலத்தில் உலகத் தொடர் கொலையாளிகள் என்று பட்டியல் போடும் பக்கங்களில் சங்கர் கதை வேறு மாதிரி ஆரம்பிக்கும். திருவான்மியூரில் ஆறு மாதத்தில் ஒன்பது இளம்பெண்கள் காணாமல் போனார்கள் என்று வரும். தீர்ப்பை எடுத்துப் பார்த்தால் கொல்லப்பட்டவர்கள் ஒரு பெண்ணும் ஐந்து ஆண்களும். தொழிலை விட்டுப் போனவள், அவளோடு போனவன், தொழிலுக்கு இடைஞ்சலாகத் தெரிந்தவன், விடுதிக்கு வந்து தகராறு செய்த மூன்று பேர். கடைசி மூவரும் ஒரே இரவில். இதில் நிலா வெளிச்சமும் கிடையாது, மனநோயும் கிடையாது. ஒரு முதலாளி தன் வியாபாரத்துக்கு இடைஞ்சலானவர்களை அப்புறப்படுத்தியிருக்கிறான். ஆனால் தொடர் கொலையாளி என்ற சட்டைக்குப் பெண் பிணங்கள் தேவைப்படுகின்றன, ஆகவே கதை பெண்களைக் காணாமல் போகச் செய்கிறது. தமிழில் அந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தது 1978இல் வந்த பாரதிராஜாவின் ‘சிகப்பு ரோஜாக்கள்’. ரோஜாச் செடிக்கடியில் பிணம், சின்ன வயது காயம், பெண் வெறுப்பு. அதற்குப் பிறகு நமக்குக் கொலைகாரன் என்றால் சைக்கோ. பெரியார் நகரில் ரோஜா ஒன்றும் இல்லை, சிமெண்ட் தரைதான் இருந்தது.

2019இல் ஜீ5 தளத்தில் அப்பானி சரத் நடித்து ‘ஆட்டோ சங்கர்’ தொடர் வந்தது. நடிப்பு மோசமில்லை. என் பிரச்சினை கேமரா அவனோடு சேர்ந்து மேலே ஏறுவதுதான். ரிக்‌ஷாவிலிருந்து ஆட்டோ, ஆட்டோவிலிருந்து விடுதி, அதிகாரிகளின் தோளில் கை. ஒரு பையன் முன்னுக்கு வந்த கதையாகவே அது ஓடுகிறது, கொலைகள் அந்த ஏற்றத்தில் வரும் வேகத்தடைகள் போல. பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயரும் அவளுக்கு நடந்ததும் விளம்பரமாகி அவள் இன்னொரு முறை அவமானப்படக் கூடாது என்று மேலே சொன்ன அதே தீர்ப்பில் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நீதிபதிக்கு இருந்த கூச்சம் திரைக்கதைக்கு இல்லை.

சுங்கை பட்டாணியில் எங்கள் பிளாட்டில் கீழ்வீட்டுப் பையன் ஒருவன் இருக்கிறான், பதினேழு வயது. அந்தத் தொடரின் துண்டுகளைப் போனில் போட்டுக் காட்டி, ‘அண்ணே, போலீசையே பாக்கெட்ல வெச்சிருந்தான் தெரியுமா?’ என்றான். அவன் குரலில் இருந்தது பயம் இல்லை. மாமா தேடியதைத்தான் அவனும் தேடினான், ஒரே வித்தியாசம், மாமா அதைக் கண்டுபிடித்துக் கோபப்பட நினைத்தார். பையனுக்கு அது தகுதிச் சான்றிதழ். 2013 ஆகஸ்டில் நம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது அவன் ஆரம்பப் பள்ளியில் இருந்திருப்பான். பெரும்பாலும் எண்களால் அழைக்கப்படும் அந்தக் கும்பல்களில் நம்மவர்கள்தான் அதிகம் என்று சொன்னார்கள், நமக்கும் வலித்தது, நாலு கருத்தரங்கு போட்டோம். அந்தப் பட்டியலில் இருந்த ஓர் எண்ணைத்தான் இன்று அவன் மோட்டார் சைக்கிளில் ஒட்டியிருக்கிறான். இலக்கியம் பேசும் பக்கத்தில் இதை ஏன் எழுதுகிறேன் என்றால், அவன் கைக்குக் கிடைத்த ஒரே தமிழ்க் கதை அதுவாக இருக்கிறது.

வேறு மாதிரி எழுத முடியுமா என்று தேடியபோதுதான் நோரியோ நாகயாமாவிடம் போனேன். 1949இல் ஜப்பானின் வடக்கு மூலையில் அபாஷிரியில் பிறந்தவன், எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது. ஐந்து வயதில் அம்மா சில பிள்ளைகளோடு கிளம்பிவிட, மிச்சப் பிள்ளைகளோடு குளிர்காலத்தில் கைவிடப்பட்டவன். துறைமுகத்தில் சிந்திய மீனைப் பொறுக்கித் தின்று பிழைத்தார்கள். 1965இல், கிராமத்துப் பிள்ளைகளைக் கூட்டமாக ரயிலேற்றி நகரத்து வேலைக்கு அனுப்பிய காலத்தில், தோக்கியோவுக்குப் போனான். பழக்கடையில் வேலை, பிறகு எதிலும் நிலைக்கவில்லை. 1968 அக்டோபரில் யோகோசுகா அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஒரு துப்பாக்கி திருடி, ஒரு மாதத்துக்குள் தோக்கியோ, கியோத்தோ, ஹக்கோடாத்தே, நகோயா என நாலு ஊர்களில் நாலு பேரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவனுக்கு 19 வயது.

அடுத்த ஆண்டு பிடிபட்ட பிறகு நடந்ததுதான் சங்கரிடமிருந்து அவனைப் பிரிக்கிறது. பள்ளிக்கே சரியாகப் போகாதவன் சிறையில் எழுத்து கற்றான். நோட்டுப் புத்தகங்களில் கடினமான சொற்களை எழுதி எழுதிப் பழகினான். மார்க்ஸ் படித்தான். அந்தக் குறிப்பேடுகள் 1971இல் ‘அறியாமையின் கண்ணீர்’ என்ற பெயரில் புத்தகமாக வந்து நன்றாக விற்றன. வருமானத்தைக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அனுப்பினான். 1983இல் ‘மரப்பாலம்’ கதைக்கு இலக்கியப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டில்தான், மேல் நீதிமன்றம் ஆயுள் தண்டனையாகக் குறைத்திருந்ததை ஜப்பான் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. யாரைத் தூக்கில் போடலாம் என்று அந்த நாட்டில் இன்றும் பார்க்கப்படும் அளவுகோலுக்கு அவன் பெயர்தான். 1990இல் எழுத்தாளர் சங்கத்தில் சேர விண்ணப்பித்தான், கொலைகாரன் என்று எதிர்ப்பு வந்தது. அதைக் கண்டித்து கென்ஜி நாகாகாமியும் கோஜின் கராதானியும் யசுதாக்கா சுத்சுயியும் சங்கத்தை விட்டு வெளியேறினார்கள். 1997 ஆகஸ்டு 1 அன்று தூக்கு.

நாகயாமாவும் விரல் நீட்டுகிறான். ஏழ்மையை, சமூகத்தை, தன்னைப் படிக்கவிடாத எல்லாவற்றையும். ஆனால் அவன் புத்தகத்துக்கு வைத்த தலைப்பைப் பாருங்கள். அதில் அழுவது அறியாமை, அந்த அறியாமை அவனுடையது. எனக்குத் தெரியவில்லை, தெரிந்திருந்தால் செய்திருக்க மாட்டேன் என்று சொல்வதற்கே அவன் ஒரு மொழியை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. சங்கரின் 300 பக்கங்களில் அப்படி ஒரு தருணம் இருந்ததா என்று தேடிப் பார்க்கும் பொறுமை நமக்கு இருந்ததே இல்லை.

நாகயாமா பற்றி இரண்டு படங்கள் உண்டு. கனெத்தோ ஷிந்தோ 1970இல் எடுத்தது வழக்கமான கதைப்படம், நல்ல படம், மாஸ்கோவில் பரிசும் வாங்கியது. என்னை ஆட்டிவைத்தது மற்றது. மசாவோ அதாச்சி 1969இல் எடுத்த படம், பொது மக்களுக்கு வர 1975 ஆனது. பத்திரிகைகள் நாகயாமாவுக்குக் கொடுத்த ‘தொடராகச் சுட்டுக் கொல்லும் பேய்’ என்ற பட்டத்தைத்தான் தலைப்பாக வைத்தார், முன்னால் ‘சுருக்கப்பெயர்’ என்ற சொல்லைச் சேர்த்து. இந்தச் சுருக்கப்பெயர் வியாபாரம் நமக்கும் தெரியும். கௌரி சங்கர் ஆட்டோ சங்கர் ஆனான், அதோடு ஊரில் ஆட்டோ ஓட்டும் அத்தனை பேரும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். இங்கே 1981இல் தூக்கிலிடப்பட்ட வோங் சுவீ சின்னை யாருக்குத் தெரியும்? போத்தாக் சின் என்றால் எல்லாருக்கும் தெரியும்.

86 நிமிடம் ஓடும் அந்தப் படத்தில் கொலைகாரனாக நடிக்க யாரும் இல்லை. துப்பாக்கி இல்லை, ரத்தம் இல்லை. நாகயாமா வாழ்ந்த, கடந்துபோன ஊர்கள் மட்டும். ரயில் நிலையம், தெரு, துறைமுகம், சந்தை, மறுபடி ரயில். எப்போதாவது ஒரு குரல், இந்த ஆண்டு இந்த ஊருக்கு வந்தான் என்று சொல்லிவிட்டுப் போகும். பின்னணியில் ஜாஸ். முதல் இருபது நிமிடம் எனக்குத் தூக்கம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். பிறகு ஒன்று புரிய ஆரம்பித்தது. எந்த ஊருக்குப் போனாலும் ஒரே ஊராகவே இருக்கிறது. அதாச்சியும் அவரோடு இருந்த விமர்சகர் மசாவோ மாத்சுதாவும் இதை நிலக்காட்சிக் கோட்பாடு என்றார்கள். அதிகாரம் போலீஸ் தடியில் மட்டும் இல்லை, இப்படி எல்லா ஊரையும் ஒன்றாக்கி வைத்திருக்கும் நிலக்காட்சியிலேயே இருக்கிறது, நாகயாமா சுட்டது அதைத்தான் என்பது அவர்கள் வாதம்.

வேலைக்காக நான் தினமும் சுங்கை பட்டாணியிலிருந்து கூலிம் போகிறேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தப் பாதையைச் சும்மா பார்க்க முடியவில்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை, செம்பனை இருந்த இடத்தில் தாமான், தாமான் முடியும் இடத்தில் தொழிற்சாலை வேலி. ஒரு தாமானின் நுழைவாயிலை இன்னொன்றில் கழற்றி மாட்டினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். தோட்டத்து மாரியம்மன் எங்கேயோ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்விட்டாள். கீழ்வீட்டுப் பையன் வளர்ந்த நிலக்காட்சி இது. எண்பதுகளின் திருவான்மியூரும் ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும், நகரமும் இல்லாமல் கிராமமும் இல்லாமல், ஒரு பக்கம் கடல், சாராயம் இறங்க வசதியான ஓர் ஓரம். அதாச்சி மாதிரி யாராவது காங்கேயநல்லூரிலிருந்து ரூர்கேலா வரை கேமராவைத் தூக்கிப் போயிருந்தால், யார் அந்த மந்திரி என்ற கேள்விக்குக் கிடைத்திருக்கக்கூடிய பதிலைவிடப் பெரிய பதில் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனால் அதாச்சியோடு முழுக்க ஒத்துப்போக என்னால் முடியவில்லை. நிலக்காட்சியைத்தான் சுட்டான் என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது. சுடப்பட்டது நிலக்காட்சி இல்லை. தோக்கியோவில் ஒரு ஹோட்டல் காவலாளி, 27 வயது. கியோத்தோ யசாகா கோயிலில் இன்னொரு காவலாளி. ஹக்கோடாத்தேவிலும் நகோயாவிலும் ஒவ்வொரு டாக்சி ஓட்டுநர், நகோயாக்காரருக்கு வயது 22. நாலு பேருமே வேலையில் இருந்தவர்கள். நாகயாமா திட்டிய சமூகத்தின் முதலாளிகள் யாரும் அந்த ஊர்த் தெருக்களில் அந்த நேரத்தில் விழித்திருக்கவில்லை, கூலிக்கு விழித்திருந்தவர்கள்தான் இருந்தார்கள். ஆளில்லாத அந்த அழகான படச்சட்டகங்களில் கொலைகாரனை ஒளித்துவைத்த அதே கை, இந்த நாலு பேரையும் துடைத்துவிட்டது. பெரியார் நகர் ஆறு பேருக்கும் நம் மொழியில் இதுதான் நடந்தது, கலை நயம் மட்டும் இல்லாமல். அவர்கள் பெயர்கள் தீர்ப்பில் இருக்கின்றன, வேறெங்கும் ஒரு பக்கத்துக்கு மேல் அவர்கள் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடி ஏறி இறங்கிய குடும்பங்களை வைத்து இந்தக் கதையைத் தமிழில் இதுவரை யாரும் ஆரம்பிக்கவில்லை. மந்திரி பெயரைத் தேடிய மாமாவுக்கும், போலீசைப் பாக்கெட்டில் வைத்தவனைத் தேடும் பையனுக்கும் அந்தக் கதையில் இடம் இருந்திருக்கும்.

நாகயாமாவை நான் படித்ததில் என் குடும்பமும் கலந்திருக்கிறது, அதை மறைத்து எழுத விருப்பம் இல்லை. தோட்டம் கைமாறிய பிறகு என் அப்பா பதினொரு வருடம் ஒரு தொழிற்சாலையில் ஜாகாவாக இருந்தார், பெரும்பாலும் ராத்திரி வேலை. நான் பல்கலைக்கழகத்தில் படித்த செலவு அந்த டார்ச்லைட் வெளிச்சத்திலிருந்து வந்தது. ரயிலேறிப் போன அந்தப் பையனில் என்னைப் பார்த்துக்கொண்டே படித்தவனுக்கு, கியோத்தோ கோயில் வரும் இடத்தில் கை நின்றுவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது அப்பாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். பையன் பட்ட கஷ்டம், சிறையில் படித்தது, பரிசு வாங்கியது எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

‘கோயில்ல இருந்த ஜாகாவுக்கு எத்தன வயசுன்ன?’

‘அறுபத்தொம்பதுப்பா.’

‘அந்த வயசுலயும் ராத்திரி வேலைக்குப் போட்டிருக்கானுங்களே’ என்றார் அப்பா.